கழுகுக்குன்றில் கழுகு எங்கே?

திருக்கழுக்குன்றம் என்றதும், மலைமேல் சோறுண்ண வந்த கழுகுகள் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அவை பாறு இனத்தவை. இன்று அவை அங்கு வருவதில்லை.

1990-களில் தொடங்கி, இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99 மறைந்தன. காரணம் ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் எண்ணினர். 2004-இல் உண்மை வெளிப்பட்டது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து, மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்தே எமன் எனக் கண்டனர். ஊசி போட்ட மாடு விரைவில் இறந்துவிட்டால், மருந்து அதன் இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதடையும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்ணிறமாகப் படியும். சில நாட்களில் உயிர் பிரியும்.

2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் தடைக்குள்ளாயின. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது.

தமிழகத்தில் எஞ்சியவை பெரும்பாலும் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. நம் ஊரில்தான் பாறு இல்லையே எனலாமா? என்றேனும் அவை திரும்பி வந்தால், உண்ணும் உணவு நஞ்சாக இருக்கலாகாது அன்றோ! வில்லியனூர், பாகூர் பக்கம் நம்மில் பலர் வீட்டில் கறவைப் பசு உண்டு. அதற்கு நோய் கண்டால், மனிதர் மருந்தை வாங்கி ஊசி போடாமல், கால்நடை மருத்துவரை அழைக்கும்படி பெற்றோரிடம் சொல்வோம்.