பாவனை வானில் பாட வேறுபாடு

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்க்குப் பாட வேறுபாடு என்பது புதிய செய்தியன்று. ஒரே நூலின் இரு படிகள் ஒரே இடத்தில் இருவேறு சொற்களைக் காட்டும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று பதிப்பாசிரியர் திகைப்பார். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிய பின்னரே பாடங்களை உறுதி செய்தார் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இத்தகைய பாட வேறுபாடு கணிப்பொறித் திரையில் பறக்கும் விமானத்திலும் உண்டு என்பதை அண்மையில் அறிந்து வியந்தோம்.

விமானியாக வேண்டும் என்னும் கனவுடைய நம் மாணவர் ஒருவர், ஃபிளைட் சிமுலேட்டர் என்னும் பாவனைப் பறத்தல் மென்பொருளில் நாள்தோறும் பயில்பவர். அவர் ஒருநாள் நம்மிடம் வந்து, "ஐயா, லண்டன் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் இறங்கப் போகிறேன். என் விமானக் கணிப்பொறி ஓடுபாதை 22 என்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலோ 23 என்கிறது. யார் சொல்வது மெய்?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வழித்தரவு என்பது யாது?

தரையிலிருந்தபடியே பறக்கப் பழகும் முயற்சி புதியதன்று. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929ஆம் ஆண்டிலேயே பயிற்சிப் பொறி ஒன்றை உருவாக்கினார். 1979இல் புரூஸ் ஆர்ட்விக் என்பார் வீட்டுக் கணிப்பொறியில் இயங்கும் பறத்தல் மென்பொருளை வெளியிட்டார். 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அத்துறையில் நுழைந்தது. இன்று மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் முதலியன உலகையே திரையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

வானில் சாலை இல்லை, மைல்கல் இல்லை. எனவே குறுக்குக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றால் குறிக்கப்பட்ட புள்ளிகளே விமானிக்கு வழிகாட்டிகள். அப்புள்ளிகளின் பெயர்கள், வானொலி வழிகாட்டி நிலையங்களின் அலைவரிசைகள், ஓடுபாதைகளின் எண்களும் நீளங்களும், புறப்படும் வழிகள், இறங்கும் வழிகள் ஆகிய அனைத்தின் தொகுப்பே வழித்தரவு. 1930களில் எல்ரி ஜெப்சன் என்னும் அஞ்சல் விமானி, தாம் பறந்த வழிகளின் குறிப்புகளைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பிற விமானிகள் அதனை விலைக்குக் கேட்டனர். அவ்வாறு பிறந்த நிறுவனம் பின்னர் உலகெங்கும் வழிவரைபடங்களை வழங்குவதாக வளர்ந்தது.

இத்தரவு நிலையானதன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் முறைப்படி, மாற்றங்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையன்று உலகெங்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருகின்றன. இதற்கு ஏரேக் சுழற்சி என்று பெயர். ஆண்டொன்றுக்கு வழக்கமாக 13 சுழற்சிகள். 2020இல் 14 அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டினையும், பின்னிரண்டு இலக்கங்கள் வரிசையையும் குறிக்கும். 2501 எனின் 2025ஆம் ஆண்டின் முதற் சுழற்சி என்பது பொருள்.

தரவு ஏன் மாறுகிறது?

முதற் காரணம் பூமியே ஆகும். ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிப் பெறுவது. காந்த வடமுனையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அது நகர நகரத் திசைப் பாகையும் சிறிது சிறிதாக மாறும். எல்லையைத் தாண்டியதும் எண்ணை மாற்றி எழுத வேண்டும். ஸ்டான்ஸ்டெட் ஓடுபாதை 2009ஆம் ஆண்டு வரை 05/23 என்று வழங்கியது. அவ்வாண்டு 04/22 ஆயிற்று. அமெரிக்காவின் டாம்பா நிலையத்திலும் 2011இல் இவ்வாறே எண்கள் மாறின. தார்ப்பாதை அசையவில்லை, அதன் பெயரே மாறியது.

இரண்டாவது காரணம் மனிதரின் கட்டுமானம். பெங்களூரின் புதிய விமான நிலையமும் ஐதராபாத்தின் ஷம்ஷாபாத் நிலையமும் 2008இல் திறக்கப்பட்டன. 2006இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் அவ்விரண்டும் இல்லை. இஸ்தான்புல் நகரின் செய்தி இன்னும் நுட்பமானது. 2019 ஏப்ரலில் பயணியர் விமானங்கள் மர்மராக் கடற்பக்கத்து அதாதுர்க் நிலையத்தை விட்டுக் கருங்கடற்கரையை ஒட்டிய புதிய நிலையத்திற்கு மாறின. ஐஎஸ்டி என்னும் மூன்றெழுத்துக் குறியீடும் உடன் சென்றது. பழைய தரவில் அக்குறியீடு ஓரிடம்; புதிய தரவில் வேறிடம்.

ஒரு பொறியில் மூன்று சுவடிகள்

இப்போது மாணவரின் வினாவிற்கு வருவோம். சிமுலேட்டரில் ஒரு தரவு மட்டும் இருப்பதாக எண்ணுவதே குழப்பத்தின் வேர். பெரும்பாலும் அங்கே மூன்று படிகள் உள்ளன. மென்பொருளோடு வந்த உலகம் ஒன்று. ஓடுபாதையும் அலைவரிசையும் அதனுள் வரையப்பட்டுள்ளன. தனியே வாங்கிப் பொருத்திய விமானம் தன் பறத்தல் மேலாண்மைக் கணிப்பொறிக்கெனத் தனித் தரவு வைத்திருப்பது இரண்டு. பறப்பவர் கையிலுள்ள வழிவரைபடம் மூன்று. சந்தா கட்டியவர் பின்னிரண்டையும் மாதந்தோறும் புதுப்பிக்கிறார். முதலாவதோ பல நேரங்களில் பழையதாகவே கிடக்கிறது.

மென்பொருளின் பாவனைக் கட்டுப்பாட்டாளர் படிப்பது முதற் சுவடியை மட்டுமே. அவர் மனிதர் அல்லர். பதிவு செய்த குரலும் கணக்கு விதிகளுமே அவர். அவருடைய ஏட்டில் 23 என்றிருந்தால் 23 என்றே சொல்வார். 2006ஆம் ஆண்டு மென்பொருளின் கட்டுப்பாட்டாளர், வரைபடத்திலுள்ள புறப்பாட்டு வழிகளையும் வருகை வழிகளையும் அறியவே மாட்டார். ஆதலின் நம் மாணவர்க்கு யாம் கூறிய விடை: இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் வெவ்வேறு ஆண்டின் ஏட்டை வாசிக்கின்றனர்.

பிழை காணும் முறை

பதிப்பாசிரியர் போலவே படிப்படியாகச் செல்லுதல் வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு படியின் காலத்தையும் அறிக. போயிங் வகை விமானங்களின் மேலாண்மைக் கணிப்பொறியில் அடையாளப் பக்கம் என ஒன்று உண்டு. நடப்புத் தரவு எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்று அது காட்டும். மெய்யான விமானிகளும் புறப்படுமுன் இதனைப் பார்ப்பர். வரைபடத்தின் சுழற்சி எண்ணையும் அதனோடு ஒப்பிடுக.

இரண்டாவதாக, வேறுபாடு பெயரளவில் உள்ளதா, பொருளளவில் உள்ளதா என்று பிரித்தறிக. 22, 23 என்பன ஒரே பாதையின் இரு பெயர்கள்; திசையை நோக்கினால் ஐயம் தீரும். அலைவரிசை வேறுபாடு அத்தகையதன்று. பாவனை உலகின் வானொலி, அவ்வுலகில் வரையப்பட்ட அலைவரிசையிலேயே ஒலிக்கும். வரைபடம் புதிய எண்ணைக் காட்டினும் கருவி ஊமையாக இருந்தால், மென்பொருளின் சொந்த நிலப்படத்தில் உள்ள எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். நிலையமே அவ்வுலகில் இல்லையெனின் எத்தரவும் உதவாது. அந்நிலையத்தின் காட்சித்தொகுப்பை முதலில் நிறுவ வேண்டும்.

மூன்றாவதாக, கட்டுப்பாட்டாளரிடம் அளித்த பயணத் திட்டமும் விமானக் கணிப்பொறியில் இட்ட திட்டமும் ஒன்றே எனக் காண்க. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், வழி தவறியதாக அக்குரல் ஓயாது கடிந்துகொண்டே இருக்கும்.

நான்காவதாக, உயரமானியைக் காண்க. "உயரத்தைச் சரிசெய்க" என்று குரல் மீண்டும் மீண்டும் பணித்தால், குறை பெரும்பாலும் காற்றழுத்த அமைப்பில் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறத்தாழ 27 அடி வேறுபாடு தரும். பத்து தவறினால் 270 அடி.

ஐந்தாவதாக, பின்னர்ச் சேர்த்தவற்றை விலக்கிப் பார்க்க. மைக்ரோசாஃப்ட் மென்பொருளின் கம்யூனிட்டி என்னும் கோப்புறையிலும், எக்ஸ்-பிளேனின் கஸ்டம் டேட்டா என்னும் கோப்புறையிலும் வெளித்தரவுகள் தங்குகின்றன. அவற்றை வேறிடம் மாற்றி வைத்து இயக்கினால் குறை மறைகிறதா என்று காணலாம். மறைந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். ஒரே நிலையத்திற்கு இரு காட்சித்தொகுப்புகள் இருத்தல் அடிக்கடி காணும் காரணம்.

ஆறாவதாக, பாவனைக் குரல் மலையை அறியாது என்பதை மறவாதீர். பணித்த உயரம் வரைபடத்தின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்திற்குக் கீழ் எனின் மறுத்துவிடுக. 2001இல் தோன்றிய வாட்சிம் என்னும் இணைய அமைப்பில் மனிதத் தொண்டர்களே கட்டுப்பாட்டாளர்கள். அங்கே நம் தரவில் இல்லாத புள்ளியின் பெயர் சொல்லப்பட்டால், "இயலாது" என்று கூறி மாற்று வழி கேட்பதே முறை.

காலி நகரத்துப் பாடம்

விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் என்று பெரியோர் வினவலாம். 1995 டிசம்பர் 20ஆம் நாள், மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965ஆம் எண் விமானம் அவ்வினாவிற்கு விடை தருகிறது. இறங்கும் நேரத்தில் ஓடுபாதை மாற்றப்பட்டது. விமானிகள் விரைந்து ரோசோ என்னும் வழிகாட்டி நிலையத்தைத் தேடினர். வரைபடத்தில் அதன் குறி ஆர் என்னும் ஓரெழுத்து. அவ்வெழுத்தை இட்டனர். கணிப்பொறி காட்டிய பட்டியலில் முதலில் நின்றது ரோசோ அன்று. ஏறத்தாழ 130 மைல் தொலைவில், பொகோட்டா நகருக்கு அருகிலுள்ள ரோமியோ என்னும் நிலையம். ரோசோவோ தரவுத்தளத்தில் முழுப்பெயரில்தான் பதிவாகியிருந்தது. விமானம் இருளில் இடப்புறம் திரும்பியது. கட்டுப்பாட்டாளருக்கு ரேடார் இல்லை. விமானிகளின் பேச்சில் பொருத்தமின்மையை அவர் உணர்ந்தும், வழக்கமான சொற்களுக்கு அப்பால் வினவும் ஆங்கிலம் அவரிடம் இல்லை. மலையில் மோதிய விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் மாண்டனர், நால்வரே பிழைத்தனர்.

வரைபடம் தன்னளவில் சரி. தரவுத்தளமும் தன்னளவில் சரி. இரண்டும் ஒன்றே எனக் கொண்டதிலேயே கூற்றம் ஒளிந்திருந்தது.

அறிவிப்பாளர் வரிசை

நம் முன்னோர்க்கு இவ்விழிப்பு அந்நியமன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியின் சொற்களை மட்டும் நோக்கவில்லை. அது யார் வாயிலாக, எவரிடமிருந்து வந்தது என்னும் இஸ்னாதையும், அதாவது அறிவிப்பாளர் வரிசையையும், துருவி ஆராய்ந்தனர். கஸ்னா நகரின் கிப்லாத் திசையைக் காண முயன்ற அல்பிரூனி, ஒரே கணக்கை நம்பி அமையாமல், நகரங்களுக்கிடையேயான தொலைவுகளைப் பல வழிகளில் கணித்து ஒப்பிட்டார். சுவடிப் பதிப்பும் ஹதீஸ் ஆய்வும் வழித்தரவும் கற்பிப்பது ஒன்றே: கிடைத்த செய்தி எக்காலத்தது, எவ்வழியாக வந்தது, மற்றொரு சான்றோடு ஒக்கின்றதா என்று கேள்.

சிமுலேட்டர் தரவை மெய்யான பறப்பிற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஆயினும் அதில் பயிலும் ஐயுறவும் ஒப்பீடும் மெய்யானவை. திரையில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். காலியின் மலையில் அவ்வாய்ப்பு இல்லை. வானில் ஏறக் கனவு காணும் நம் மாணவச் செல்வங்கள் தரையிலேயே இப்பழக்கத்தைப் பெற்றுச் செல்வாராக. இன்ஷா அல்லாஹ், அவர்களை நம்பி ஏறும் பயணியர் நலமே கரை சேர்வர்.