மார்பை எடுத்த பிறகு புது மார்பு!
வயிற்றுச் சதையில் உருவாக்குகிறார்கள்

புற்று நோய்க்காக மார்பை எடுத்துவிட்டால், அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. புதிதாக ஒரு மார்பை உண்டாக்க டாக்டர்களால் முடியும். இந்த முயற்சி நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்று ஒரு நகரம். அங்கே செர்னி என்ற டாக்டர் இருந்தார். மேடை ஏறிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. புற்று நோய் அல்ல. ஆனாலும் மார்பை எடுக்க வேண்டியதாயிற்று. அதே பெண்ணின் இடுப்புப் பக்கம் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. தீங்கு செய்யாத கட்டி. டாக்டர் அதை எடுத்து, மார்பு இருந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார்! 1895-ல் இதை எழுதி வெளியிட்டார். வேண்டாத கட்டி, வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

சிலிக்கோன் பை

1962-ல் அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில், குரோனின், ஜெரோ என்ற இரு டாக்டர்கள் ஒரு பெண்ணுக்கு சிலிக்கோன் பை பொருத்தினார்கள். அது அழகுக்காகச் செய்த ஆபரேஷன். பிறகு மார்பை இழந்தவர்களுக்கும் அது கை கொடுத்தது.

பெரும்பாலும் முதலில் ஒரு காலிப் பையை உள்ளே வைப்பார்கள். சில நாள் இடைவெளி விட்டு, ஊசி மூலம் உப்பு நீர் ஏற்றுவார்கள். பலூன் போலப் பை பெருக்கும். தோலும் மெள்ள மெள்ள விரியும். போதிய இடம் கிடைத்ததும் அதை எடுத்துவிட்டு சிலிக்கோன் பையை வைப்பார்கள்.

ஆபரேஷன் சிறியது. ஆனால் பை ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று நம்பக் கூடாது. மாற்ற வேண்டி வரலாம். சுற்றிலும் தழும்பு இறுகி, கெட்டியாகி வலிக்கலாம். கதிர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

சொந்தச் சதை

இன்னொரு வழி, உடம்பிலேயே வேறு இடத்துச் சதையை எடுப்பது. முதுகிலிருந்து எடுக்கலாம். தொப்புளுக்குக் கீழே உள்ள சதையையும் எடுக்கலாம். வயிற்றுத் தசையோடு சேர்த்து அதை மார்புக்குக் கொண்டு வரும் முறையை 1982-ல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் தோழர்களும் வெளியிட்டார்கள்.

தசையை எடுத்தால் வயிறு பலவீனப்படும். குடல் பிதுங்கவும் கூடும். அதனால் இன்னொரு முறை வந்தது. தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கிறார்கள். சேமியா பருமனே உள்ள ரத்தக் குழாய்களை, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மார்பில் இணைத்துத் தைக்கிறார்கள்! பல மணி நேர வேலை. ரத்தம் ஓடாவிட்டால் வைத்த சதை அழுகிவிடும். ஆகவே முதல் சில நாட்கள் அடிக்கடி சோதிப்பார்கள்.

ஒல்லியான பெண்களுக்கு வயிற்றுச் சதை போதாது. புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புண் ஆறுவது கஷ்டம்.

இரண்டு வழியிலும் வடிவம் வரும். பழைய உணர்ச்சி பெரும்பாலும் வராது. இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஏமாற்றம் இராது.

நோய் திரும்புமா?

புது மார்பு வைத்ததால் புற்று நோய் திரும்பி வருவதில்லை. ஆனால் டாக்டர் சொன்ன நாட்களில் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தக் கூடாது.

எல்லோருக்கும் இந்த ஆபரேஷன் தேவையா? தேவையில்லை. "எனக்கு வேண்டாம்" என்று இருந்து விடுபவர்களும் உண்டு. உள்ளாடைக்குள் செயற்கை மார்பு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. முடிவு அந்தப் பெண்ணுடையது. மாமியாருடையது அல்ல, கணவருடையதும் அல்ல.

மார்பை எடுக்கும் போதே புதியதையும் வைக்கலாம். சில ஆண்டுகள் கழித்தும் வைக்கலாம். ஆனால் கேள்வியை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தோலை எவ்வளவு விட்டு வைக்கலாம், கதிர் சிகிச்சை வருமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டர்கள் திட்டம் போடுவார்கள்.

இது பணக்காரர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில், ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பு சீரமைப்பு செய்யும் ஏற்பாடு 2018-ல் தொடங்கப்பட்டது.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. குழந்தையையும் இடுப்பில் வைக்கக் கூடாது. அந்த வேலைகளை வீட்டில் உள்ள மற்றவர்கள் பார்க்க வேண்டும்.