காலுக்கு அடியில் போன கோடு

1998 செப்டம்பர் 27. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றை ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. புல்தரையின் குறுக்கே பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறியாக வேண்டும். எதுவரை போனால் போதும் என்பதைக் காட்டத்தான் அந்தக் கோடு. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை. தரையில் அப்படியொரு கோடே கிடையாது.

திரையில் கோடு இழுப்பது பெரிய காரியமல்ல. ஆட்டக்காரர் அதைத் தாண்டி ஓடியபோது கோடு அவர் காலுக்கு அடியில் கிடந்ததே, அதுதான் புதிது. காலின் மேலே ஏறியிருந்தால் டிவி கண்ணாடியில் யாரோ நாடா ஒட்டியதுபோல இருந்திருக்கும். அடியில் போனதால் சுண்ணாம்பு போட்ட கோடாகவே ஆகிவிட்டது.

இதற்காக மைதானத்தை முன்கூட்டியே அளந்து கணினியில் ஏற்றினார்கள். மழைநீர் வடிவதற்காக நடுவில் இருக்கும் லேசான மேடுகூட அந்த அளவில் உண்டு. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு ஜூம் ஆகிறது என்பதை அதில் பொருத்திய உணரிகள் சொல்லிக்கொண்டே இருக்கும். கோடு எங்கே விழ வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். எங்கே விழக் கூடாது என்பதற்கு நிறங்களின் பட்டியல். இவை புல், இவை மண், இவற்றின்மேல் தீட்டலாம். இவை சீருடை, இவை தோல், தொடாதே. பச்சைச் சீருடை அணி இறங்கினாலோ, மழையில் புல் சேறானாலோ இயக்குபவர் பாடு திண்டாட்டம்தான். ஆட்டத்தின் நடுவிலேயே பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும்.

இந்த மஞ்சள் கோட்டில் இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. எழுத்தையும் கோட்டையும் வடிவங்களையும் அசைய வைப்பது மோஷன் கிராஃபிக்ஸ். ‘வெர்டிகோ’ (1958) படத்தின் தொடக்கத்தில் சுழலும் சுருள்களை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் விட்னி, 1960-லேயே அந்தப் பெயரில் நிறுவனம் நடத்தினார். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒரே படமாகச் சேர்ப்பது கம்போஸிட்டிங். இரண்டையும் தனித்தனி வேலையாகப் பேசுகிறோம். ஆனால், எது மேலே, எது கீழே, எது எவ்வளவு தெரியலாம் என்று சொல்லும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இரண்டுக்குமே வேண்டும். பார்க்கிறவர்கள் அதை ஒருநாளும் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலில் என்னை ஆகப் பெரிதாக வியக்க வைப்பது அதுதான்.

தமிழ் சினிமாவுக்கு இப்படி மறைத்துச் சேர்ப்பது பழகிய சங்கதி. 1940-இல் வந்த ‘உத்தம புத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். இரட்டை வேடக் காட்சிகளுக்குக் கைகொடுத்த உத்தியை ‘மாஸ்க் ஷாட்’ என்பார்கள். லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பால் மறைத்து ஒரு வேடத்தை எடுப்பது. ஃபிலிமை அதே இடத்துக்குத் திரும்பச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு வேடத்தை எடுப்பது. இடையில் கேமரா மயிரிழை அசைந்தாலும் போச்சு. நடிகரின் விரல்நுனி நடுக்கோட்டைத் தாண்டினால் அது காணாமல் போகும். பழைய படங்களில் அண்ணனும் தம்பியும் எட்டி நின்றே பேசுவதும், நடுவில் ஒரு தூணோ கதவோ நிற்பதும் இதனால்தான். கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் ஒருவர் முதுகுதான் தெரியும். அந்த முதுகு டூப்புடையது.

கத்தரியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் பிரிவதுதான் அந்த முறையின் எல்லை. மனிதர்கள் நேர்கோட்டில் முடிவதில்லையே. முடி பறக்கிறது, கை வேகமாக வீசும்போது மங்குகிறது, துணிக்குப் பின்னால் இருப்பது பாதி தெரிகிறது.

‘மேரி பாப்பின்ஸ்’ (1964) படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் கார்ட்டூன் உலகத்துக்குள் நடக்கும் காட்சியைப் பாருங்கள். அவர் தொப்பியில் மெல்லிய வலைத்துணி தொங்கும். அதன் கண்களின் வழியே வரைந்த பின்னணி சுத்தமாகத் தெரியும். பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை அது. நடிகருக்குப் பின்னால் இருக்கும் திரையில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை மட்டும் பாய்ச்சுவார்கள். அந்த ஒளி ஏறக்குறைய 589 நானோமீட்டர் என்ற மிகக் குறுகிய அலைநீளத்தில் அடங்கிவிடும். கேமராவுக்குள் இருக்கும் பட்டகம் அதை மட்டும் பிரித்து இரண்டாவது ஃபிலிமுக்கு அனுப்பும். ஒரு ஃபிலிமில் வண்ண நடிகை. இன்னொன்றில், படப்பிடிப்பு நடக்கும்போதே, கறுப்பு வெள்ளை மாஸ்க்.

கணினி வந்தபோது இந்த மாஸ்க் ஓர் எண்ணாக மாறியது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு ‘ஆல்ஃபா’ என்ற நான்காவது எண்ணும் சேர்ந்தது. எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் 1970-களின் இறுதியில் கொண்டுவந்த யோசனை அது. அதை வைத்துப் படங்களை எப்படியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம் என்று 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இலக்கணமே எழுதிவிட்டார்கள். கணக்கு எளிது. முடியின் ஓரத்தில் ஒரு புள்ளிக்கு ஆல்ஃபா 0.3 என்றால், அங்கே 30 சதவீதம் முடி, 70 சதவீதம் பின்னணி. இன்றைய மென்பொருள்கள் எல்லாம் இந்தப் பெருக்கலையும் கூட்டலையும்தான் கோடிக்கணக்கில் செய்துகொண்டிருக்கின்றன.

செட்டில் கட்டும் பச்சைத் துணியான ‘கிரீன் மேட்’ அந்த நான்காவது எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி. மனிதத் தோலின் நிறம் பச்சையிலிருந்து வெகு தொலைவு. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சையைப் பதிவுசெய்வதற்கானவை. அதனால் அந்த நிறத்தில்தான் விவரம் அதிகம். தொல்லையும் அதிலேயே இருக்கிறது. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பிவந்து நடிகரின் தோளிலும் கன்னத்திலும் பச்சையாகப் படியும். அதைக் கழுவி எடுக்காமல் விட்டால், பின்னணி எத்தனை அழகாக இருந்தாலும் ஆள் ஒட்டவைத்த ஆளாகவே நிற்பார். மேட் மோசமாக இருக்கிறது என்று சிஜியைத் திட்டும் காட்சிகள் பலவற்றில், படப்பிடிப்பன்று விளக்கு சரியாக வைக்காததுதான் குற்றம்.

செய்தி அலைவரிசைகளிலும் இதே கதைதான். தேர்தல் முடிவு நாளில் பாய்ந்துவரும் எண் பலகைகளுக்கும், பேசுகிறவரின் பெயர் வரும் ‘ஆஸ்டன்’ பட்டைக்கும் கிராஃபிக்ஸ் இயந்திரத்திலிருந்து இரண்டு சமிக்ஞைகள் புறப்படும். ஒன்று வண்ணம் தாங்கிய ‘ஃபில்’. மற்றது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் ‘கீ’. கீ இல்லாமல் ஃபில் மட்டும் வந்தால், பெயரோடு கறுப்புப் பின்னணியும் சேர்ந்துவந்து பேசுகிறவரையே மறைத்துவிடும்.

பச்சைத் திரை இல்லாமல் எடுத்த காட்சிக்கு மாஸ்க்கைக் கையால்தான் வரைய வேண்டும். இதுதான் ரோட்டோ. நொடிக்கு 24 சட்டகங்கள். ஐந்து நொடிக்கு 120. ஒவ்வொன்றிலும் தலை, தோள், ஐந்து விரல் எல்லாம் தனித்தனி வளைகோடுகள். ஹாலிவுட் படங்களின் ரோட்டோ வேலையில் கணிசமான பகுதி பல ஆண்டுகளாக மும்பை, ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களுக்கு வருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உருவத்தைச் சட்டென்று பிரித்துத் தருகின்றன என்றாலும், பறக்கும் முடியிலும் வீசும் கையிலும் அவை தடுமாறும்போது மனிதக் கை வந்து சேர வேண்டியிருக்கிறது. இவ்வளவு உழைத்தவர்களின் பெயர் படத்தின் முடிவில், அரங்கம் பாதி காலியான பிறகு ஓடுகிறது. சில நேரம் அதுவும் இல்லை. இது மாற வேண்டும்.

தேர்ந்த ரோட்டோ கலைஞரிடம் முடித்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். வண்ணப் படத்தைத் திறக்கமாட்டார். கறுப்பில் வெள்ளையாக அசையும் உருவத்தை ஓடவிட்டு, முடி ஓரம் எங்கேயாவது துடிக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்.