நஞ்சைக்கு நடுவே மனைக்கல் வேண்டாம்



கல்லணை நம்ம பூதலூர் வட்டத்தில், தோகூரில்தான் இருக்கிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிவது அங்கேதான். இப்படித் தலைமடையில் இருக்கிற நம்ம பக்கத்திலேயே, நெல் விளைகிற நஞ்சையை மனை போட விலை பேசுகிறார்கள். ‘டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சே, அப்புறம் எப்படி மனை போடலாம்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுவோம்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

மீத்தேன் திட்டத்தையும், 2017-ல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். அதன் பிறகு 2020 பிப்ரவரியில் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், செம்பு, அலுமினியம், துத்தநாக உருக்காலைகள், தோல் தொழிற்சாலை ஆகியவற்றை அது தடுக்கிறது. 2023-ல் ஒரத்தநாடு வட்டம் வடசேரிப் பகுதி நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோதும் எதிர்ப்பு கிளம்பி, அந்த ஏப்ரலிலேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனைப்பிரிவும், வணிக வளாகமும், கல்யாண மண்டபமும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. பெரிய வாசலுக்குப் பூட்டுப் போட்டாச்சு. கொல்லைப்புறக் கதவு திறந்து கிடக்கிறது.

ஒரு வயல் தூர்ந்தால்

‘என் நிலம், நான் விற்கிறேன், அடுத்தவனுக்கு என்ன?’ என்று கேட்கலாம். கடனும் கல்யாணச் செலவும் கழுத்தைப் பிடிக்கும்போது விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம்ம பாசனம் பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்கிற பாசனம். நடுவில் மூன்று மா நிலத்தை மண்ணடித்து மேடாக்கினால், மேலே இருக்கிற வயலுக்கு வடிகால் அடைபடும்; கீழே இருக்கிற வயலுக்குப் பாய்ச்சல் நின்றுபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கி, தூர் கட்டாமல் அழுகும். வீட்டுச் சாக்கடை வாய்க்காலில் கலக்கும். இரவு முழுக்க எரிகிற தெருவிளக்கு, பகல் பொழுது குறையும்போது பூக்கிற நீண்டகால ரகங்களில் கதிர் வருவதைத் தாமதப்படுத்தும். இரண்டு போகம் நஷ்டப்பட்ட பக்கத்து வயல்காரரும் பிறகு விற்கத்தான் பார்ப்பார்.

சென்னை சொல்லும் பாடம்

சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. 1978-ல் தேசியப் பூங்காவான அதன் பரப்பு சுமார் 270 ஹெக்டேர். வேலிக்கு உள்ளே மான்கள் பத்திரமாக இருக்கின்றன. வேலிக்கு வெளியே, பக்கத்து வேளச்சேரியில் ஏரியும் வயலுமாக இருந்த இடமெல்லாம் கட்டடமாகிவிட்டது. 2015 மழையில் அங்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாடே பார்த்தது. வேலிக்கு உள்ளே காத்தால் மட்டும் போதாது. தண்ணீர் வருகிற வழியும் போகிற வழியும் காக்கப்பட வேண்டும். காட்டுக்குச் சொன்னது கழனிக்கும் பொருந்தும்.

நாம் என்ன செய்யலாம்?

நஞ்சையை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத புது மனையைப் பத்திரம் பதியவும் 2016 முதல் தடை இருக்கிறது. ஆகவே கல் நட்ட பிறகு சண்டை போடுவதைவிட, பேச்சு அடிபடும்போதே எழுந்திருக்க வேண்டும்.

முதலில் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தைப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு அதில் இருந்தால், அதைத் தூர்க்க யாருக்கும் உரிமை கிடையாது. பிறகு பாதிக்கப்படுகிற வயல்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எந்த மடை அடைபடும், எத்தனை ஏக்கர் பாதிக்கும் என்று கணக்கோடு மனு எழுதுங்கள். ஆட்சியர், வேளாண்மை இணை இயக்குநர், நகர் ஊரமைப்பு அலுவலகம் மூன்றுக்கும் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் மட்டுமே மனையை நிறுத்திவிடாது. ஆனால் ஊரே எதிர்த்தது என்பதற்கு அது எழுத்தில் இருக்கிற சாட்சி.

கேரளத்தில் 2008-லேயே நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே ஊராட்சிதோறும் கண்காணிப்புக் குழு உண்டு. அதில் விவசாயிகளும் உறுப்பினர்கள். நம்ம டெல்டாவுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

கடைசியாக ஒன்று. விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், தரகரிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உழுகிறவர் கைக்கே போனால் அந்த நிலம் வயலாகவே இருக்கும். உங்கள் அண்டை வயலும் பிழைக்கும்.