சதியும் எழுதப்படாத ஒரு வரியும்

ஸ்ரீபெரும்புதூர்ப் பேச்சு வந்தால் கடம்பத்தூர் வட்டாரத்தில் ‘பேட்டரி வாங்கிக் குடுத்தவன்தானே அவன்?’ என்பார்கள். பேட்டரி எப்படிச் சதியானது என்பதுதான் விஷயம்.

சட்டத்தில் சதி என்பது உடன்பாடு. இரண்டு பேர் மனசு ஒத்துப்போயிருக்க வேண்டும். மனசை யார் பார்த்தது? எனவே சதியை யாராவது கதையாகச் சொல்லியாக வேண்டும்.

இலங்கைப் போரில் 1987இல் இந்தியப் படை இறங்கியதன் தொடர்ச்சி, 1991 மே 21. ராஜீவ் காந்தியைக் கொன்ற தணு அங்கேயே சிதறிப்போனார். சிவராசன் ஆகஸ்டில் பெங்களூர் அருகே செத்துக்கிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட 41 பேரில் 12 பேர் இறந்தவர்கள், 3 பேர் தலைமறைவு. மையம் காலியான கதையை மிச்சமிருந்த 26 பேரின் வாயிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியச் சட்டப்படி செல்லாது. 1995இல் காலாவதியான தடாவின் 15ஆம் பிரிவில், எஸ்.பி. எழுதிக்கொண்டால் செல்லும் என்றிருந்தது. 1998இல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999இல் உச்சநீதிமன்றம், இது தடாவில் வரும் பயங்கரவாதச் செயலே அல்ல என்றது. 19 பேரைக் கொலைச்சதியிலிருந்து விடுவித்தது. ஆனால் தடா வாக்குமூலங்களை மட்டும் விடவில்லை! மரம் வேண்டாம், பழம் வேண்டும்.

தூக்கு உறுதியான நால்வரில் பேரறிவாளனும் ஒருவர். கைதானபோது வயது 19. பேட்டரி எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் சொன்னார். உடன்பாடுதான் குற்றம் என்றால் ‘தெரியாது’ என்பதுதானே வழக்கின் உயிர்நிலை?

2014இல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18இல் விடுதலை, ஆளுநர் இழுத்தடித்ததைக் காரணங்காட்டி. குற்றத்தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது.