வெயிலில் வெடிக்கும், மழையில் வீங்கும்! - ஒரகடம் பக்கம் வீடு கட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய களிமண் கணக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் சித்திரை மாதத்தில் போனால், வற்றிக் கிடக்கும் ஏரிகளைப் பார்க்கலாம். தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சில வெடிப்புகளில் கையை நுழைத்தால் முழங்கைவரை போகும். அதே இடத்துக்கு ஐப்பசியில் போனால் ஒரு வெடிப்பையும் பார்க்க முடியாது. கால் வைத்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும் சேறுதான் இருக்கும்.

ஏரியில் இது நடந்தால் வேடிக்கை. வீட்டுக்கு அடியில் நடந்தால்?

தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் மனைகளுக்குப் பஞ்சமில்லை. வேலைக்கு வந்தவர்கள், சென்னையில் இடம் வாங்க முடியாதவர்கள், ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள் எனப் பலரும் இங்கே வீடு கட்டுகிறார்கள். இப்படிக் கட்டிய வீடுகள் சிலவற்றில், கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு மழைக்காலம் போனதும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்புகிறது. மழை நாளில் கதவு இறுகிக்கொள்கிறது. ‘கொத்தனார் ஏமாற்றிவிட்டார், சிமென்ட் சரியில்லை’ என்று குடும்பமே புலம்புகிறது. ஆனால், பல நேரங்களில் சிமென்ட் மீது தப்பே இருக்காது. அடியில் இருக்கும் மண் அசைந்திருக்கும்.

ஒரு கிராமில் மூன்று கிரவுண்டு!

மணலும் களிமண்ணும் வேறுபடுவது முதலில் அளவில்தான். கையில் எடுத்தால் மணல் துகள் தனித்தனியாகத் தெரியும். களிமண்ணின் துகளோ 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண பூதக்கண்ணாடிக்கும் அகப்படாது. வடிவமும் வேறு. மணல் துகள் குருணை போல இருக்கும். களிமண் துகளோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அப்பளம் போல, தட்டையான ஏடுகளால் ஆனது.

களிமண்ணில் பல வகை உண்டு. கயோலினைட் என்ற வகையில் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருக்கும். நடுவே தண்ணீர் நுழையாது. பீங்கான் செய்யப் பயன்படும் வெள்ளைக் களிமண் இந்த ரகம். மான்ட்மோரிலோனைட் என்ற வகையில் பிடிப்பு தளர்வு. ஏடுகளின் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால், சோடியம், கால்சியம் போன்றவற்றையும் அவற்றோடு சேர்த்துத் தண்ணீரையும் இழுத்து நடுவில் வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏற ஏற ஏடுகள் விலகும், மண் வீங்கும். காய்ந்தால் ஏடுகள் நெருங்கும், மண் சுருங்கி வெடிக்கும். கரிசல் மண் வெடிப்பதும் இதனால்தான்.

இந்த ஏடுகளின் மொத்தப் பரப்பைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரே ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் ஏடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கு மேல்! தண்ணீர் ஒட்டிக்கொள்ள அத்தனை இடம் இருப்பதால்தான் இந்த மண் அவ்வளவு குடிக்கிறது, குடித்ததை அவ்வளவு மெதுவாக விடுகிறது.

கடல் வந்து போன இடம்

இத்தனை களிமண் இங்கே எப்படி வந்தது? பதில் பூமிக்கு அடியில் இருக்கிறது. பல்லாவரம் மலையில் தெரியும் கடினமான சார்னோகைட் பாறை, மேற்கே வர வர ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதன்மேல் படிந்திருக்கும் களிப்பாறை, மணற்பாறை அடுக்குகளுக்குப் புவியியலில் பெயரே ‘ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு’தான். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது. பழங்காலச் செடிகளின் இலைத் தடங்களும், கடல் உயிரினங்களின் புதைபடிவங்களும் இதில் கிடைத்திருக்கின்றன. அதாவது, இன்று கார்கள் உருவாகும் இந்த இடத்துக்கு ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கிறது.

1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், சென்னையைச் சுற்றியுள்ள இந்தப் பாறை அடுக்குகளையும் ஆராய்ந்து எழுதியவர்.

அந்த அடுக்குகள் கரைந்து உருவான மண்ணும், ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவந்த வண்டலும் சேர்ந்ததுதான் இன்றைய மேல்மண். இடத்துக்கு இடம் அது மாறும். ஒரு மனையில் செம்மண்ணும் சரளையும் இருக்கும். நூறு அடி தள்ளி அடுத்த மனையில் கறுத்த களிமண் இருக்கும். ‘பக்கத்து வீட்டுக்காரர் நாலடிதான் தோண்டினார், நமக்கும் அது போதும்’ என்ற கணக்கு தப்பாகிப்போவது இதனால்தான்.

இன்னொரு விஷயம், தரையின் தட்டை. கடலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், கடல் மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரம்கூட இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் சரிவு. மேலே பெய்த மழை வேகமாக ஓடவும் வழியில்லை, களிமண்ணைத் தாண்டிக் கீழே இறங்கவும் வழியில்லை.

நெல்லுக்கு வரம்

இந்த இரண்டு குறைகளையும் முன்னோர் வரமாக்கிக்கொண்டார்கள். தட்டையான தரையில் மழைநீர் மெதுவாக நகரும் இடம் பார்த்துக் குறுக்கே ஒரு கரை போட்டால் போதும், ஏரி ரெடி. அடியில் களிமண் இருப்பதால் தண்ணீர் எளிதில் கசியாது. கரைக்கும் அதே மண்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ‘ஏரிகள் மாவட்டம்’ என்று பெயர் வாங்கியது இப்படித்தான். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பொதுப்பணித் துறையின் கணக்கில் இருந்த பெரிய ஏரிகள் மட்டுமே 900-க்கு மேல்.

ஒவ்வோர் ஏரியும் தனித்தனி அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குச் சேர்கிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாறாக ஓடுகிறது.

வயலிலும் இதே உத்திதான். நடவுக்கு முன் தண்ணீர் கட்டி சேடை ஓட்டுவது களையை அழிக்க மட்டுமல்ல. மண் கட்டிகளை உடைத்துக் குழைத்து, தண்ணீர் இறங்கும் துளைகளை அடைக்கத்தான். அதனால்தான் நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இங்கே மூன்று பட்டமும் நெல் விளைந்ததற்கு ஏரியும் களிமண்ணும் சேர்ந்து உழைத்ததே காரணம்.

தொழிற்சாலைக்கு ஒரு கடைக்கால், வீட்டுக்கு ஒரு கடைக்கால்

1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து காட்சி மாறியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் விரிந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என எல்லாம் இங்கே தயாராகின்றன.

பெரிய தொழிற்சாலை கட்டுபவர்கள் முதலில் செய்வது மண் பரிசோதனை. பல இடங்களில் துளை போட்டு, ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பிரச்னையான மண் என்றால் அதை வாரிவிட்டு, சரளையை அடுக்கடுக்காகப் போட்டு ரோலரால் இறுக்குவார்கள். அல்லது ஆழமாக பைல் இறக்குவார்கள். தரை கொஞ்சம் அசைந்தாலும் இயந்திரங்களின் மட்டம் தப்பிவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

வேலிக்கு இந்தப் பக்கம், அதே மண்ணில் வீடு கட்டும் குடும்பத்தில் பலர் மண் பரிசோதனை என்ற பேச்சையே எடுப்பதில்லை. ‘ஒரு மாடிதானே, இதுக்கெல்லாம் எதுக்கு?’ என்பார்கள். ஆனால், வீங்கும் மண்ணுக்கு எளிதில் பலியாவது சின்னக் கட்டடம்தான். வீங்கும்போது மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது. கனமான கட்டடம் அதை அழுத்தி அடக்கிவிடும். தரைத்தள வீடு, காம்பவுண்டு சுவர், போர்டிகோ போன்ற லேசானவற்றைத் தூக்கிவிடும். அதுவும் வீடு முழுவதையும் ஒரே சீராகத் தூக்கினால் ஆபத்தில்லை. வெளி ஓரம் நனைந்து, நடுப்பகுதி காய்ந்தே இருப்பதால் ஓரம் மட்டும் எழும்புகிறது. அந்த வித்தியாசம்தான் ஜன்னல் மூலையில் சாய்வு விரிசலாகத் தெரிகிறது. மழையில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி என்று பருவத்துக்கு ஏற்ப அகலம் மாறும் விரிசல் இருந்தால், பூசி மறைப்பதற்கு முன் மண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் சோதனை

மண் வீங்குமா, வீங்காதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் எளிமையான ஒரு சோதனை உண்டு. காயவைத்துச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரிலும், இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். களிமண் ஏடுகள் மண்ணெண்ணெயை உள்ளே இழுக்காது, அதனால் அங்கே வீக்கம் இல்லை. தண்ணீரில் இருப்பது வீங்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லியாக நிற்கும் மண், தண்ணீரில் 15 மில்லிக்கு வந்திருந்தால் வீக்கம் 50 சதவீதம். அந்த அளவு வந்துவிட்டால் பொறியாளர்கள் தனிக் கவனம் எடுப்பார்கள்.

வீட்டிலேயே ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். மனையில் மூன்று, நான்கு அடி ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே உதவும். முடிவெடுக்க ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும். அதற்கு ஆகும் செலவு, வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு.

களிமண் என்று தெரிந்தால் என்ன செய்வது?

* பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டி அஸ்திவாரம் இறங்க வேண்டும். கரிசல் போன்ற மண்ணில் இது சுமார் மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு அடிக்கு மேல். அவ்வளவு ஆழம் தோண்டிக் கட்டுவது கட்டுப்படியாகாது என்பதால், அடியில் குடை போல அகன்ற பைல் முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டில் வளர்த்தெடுத்தது. அண்டர் ரீம் பைல் என்று கேட்டால் பொறியாளர்களுக்குத் தெரியும்.

* களிமண்ணைத் தோண்டிவிட்டு வெறும் மணலை நிரப்பினால், அந்தக் குழி தொட்டி போல மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது சுற்றியுள்ள களியை ஊறவைக்கும். என்ன நிரப்புவது என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

* வீட்டைச் சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டு, மழைநீர் சுவரை ஒட்டி நிற்காமல் செய்யுங்கள். குளியலறைக் குழாய்க் கசிவை உடனே சரிசெய்யுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரிலிருந்து தள்ளி அமையுங்கள்.

* பெரிதாக வளரும் மரங்களைச் சுவரை ஒட்டி நடாதீர்கள். கோடையில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சும்போது அந்தப் பக்கத்து மண் மட்டும் சுருங்கி இறங்கும்.

விலை குறைந்த மனை

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே பாரம் ஏற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் பிழியப்பட்டு மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை தரை இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஏரிப் படுகையின் மேல் எழுந்த மெக்சிகோ நகரம் இதற்கு உலகறிந்த உதாரணம். நிலத்தடி நீரை எடுக்க எடுக்க, அந்த நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு அரை மீட்டர்வரை இறங்கியிருக்கின்றன.

எனவே, நீர்வரத்துக் கால்வாயை, குட்டையை, ஏரியின் நீர்ப்பிடிப்பை மண் கொட்டி மேடாக்கிய மனை மலிவாகக் கிடைத்தால் மகிழ வேண்டாம். பட்டா, வில்லங்கத்தோடு பழைய கிராம வரைபடத்தையும் பாருங்கள். ‘இங்கே முன்னாடி என்ன இருந்தது?’ என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

2015-ல் இந்த வட்டாரமே அதன் பலனைப் பார்த்தது. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் களிமண் ஊறி, துளைகள் அடைத்துக்கொண்டன. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிக் கொட்டிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஊறிய மண்ணில் இறங்க இடமில்லாத தண்ணீர், ஏரிகளை நிரப்பி, வழிந்து, வீடுகளுக்குள் புகுந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கலங்கலைத் தாண்டிக் கீழே ஓட வேண்டிய தண்ணீருக்கு ஓடை இருந்த இடத்தில் தெரு இருந்தது.

இந்த மண் கெட்டதல்ல. ஏரிக்குக் கரையாக, நெல்லுக்கு மடியாக, சூளைக்குச் செங்கல்லாக, சக்கரத்தில் பானையாகப் பல தலைமுறைகளைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரிகளில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. அதன் வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது. வீட்டுக்கு அடியிலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது.

இருபது வருடத் தவணையில் வீடு வாங்கும் குடும்பம், ஹாலுக்கு என்ன டைல்ஸ் போடலாம் என்று பல கடை ஏறி இறங்குகிறது. அதற்கு முன்னால் ஒருநாள், அந்த டைல்ஸுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.