அகதிக்கு அரிசி உண்டு, ஆவணம் இல்லை: கீழ்ப்புத்துப்பட்டு முகாமை முன்வைத்து ஒரு பார்வை

கூனிமேட்டிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி நோக்கிப் போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமை அறியாதவர்கள் நம் பகுதியில் குறைவு. அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அரசாங்கம் அரிசியும் பணமும் கொடுக்கிறது, அவர்களுக்கென்ன குறை?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நம் சகோதரர்களுக்கும் இது பழகிய பேச்சுதான். வந்தேறிகள் உழைக்க வரவில்லை, உதவித்தொகைக்கு வருகிறார்கள் என்று அங்கே சொல்வார்கள்.

அரசின் கை எதிலும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன்கள் இந்த விஷயத்தில் தங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கிறார்கள். அவர்கள் கொள்கைப்படி எல்லைகள் திறந்திருக்க வேண்டும். ஒருவர் ஆள் தேடுகிறார், ஒருவர் வேலை தேடி வருகிறார், நடுவில் அரசுக்கு என்ன வேலை? ஆனால், வேலைக்காகத் தடையின்றி வருவது வேறு, அரசு உதவிக்காக வருவது வேறு, மக்கள்நல அரசு உள்ள நாட்டில் எல்லையைத் திறந்துவிட முடியாது என்றார் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். பிரையன் கேப்லன் போன்றவர்களோ, ஆளைத் தடுக்காதீர்கள், தேவையானால் உதவியை மட்டும் தடுங்கள் என்கிறார்கள். அமெரிக்காவே 1996 சட்டத்தில், நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களில் பெரும்பாலோர் பல உதவிகளுக்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று வைத்தது.

வேலை மட்டும் தந்து உதவியைத் தடுப்பது எப்படி இருக்கும் என்று அறியப் புத்தகம் புரட்ட வேண்டாம். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் மச்சானைக் கேட்டால் போதும். அமீரகத்தில் 10 பேரில் கிட்டத்தட்ட 9 பேர் வெளிநாட்டவர். வேலை உண்டு, மானியம் இல்லை, குடியுரிமை இல்லை. வேலை போனால் விசாவும் போகும். கஃபாலா முறை தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போட்டது. அதைச் சுதந்திரம் என்று எந்த லிபர்டேரியனும் சொல்ல முடியாது. முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று கத்தார் சட்டம் திருத்தியதே 2020-ல்தான்.

நம் பக்கத்து முகாமில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். 1983 முதல் வந்தவர்களுக்கு உதவி உண்டு, ஆனால் நடமாட்டத்துக்குக் கட்டு. ஆள் கணக்கெடுக்கும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சுமார் 317 கோடி ரூபாய் திட்டங்களை அறிவித்து, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் 1,500 ரூபாயில் யார் மாதத்தை ஓட்டுவார்? முகாம் ஆண்கள் பெயிண்டிங், கொத்து வேலை என்று வெயிலில் நிற்பது அதனால்தான். உதவியை நம்பிச் சோம்பிக் கிடக்கிறார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது.

ஒன்றிக் கலப்பதும் இங்கே பிரச்சினையே அல்ல. மொழி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. தடையாக நிற்பது சட்டம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பின்னால் பிறந்தவருக்குத் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003 திருத்தம் வந்த பின், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. ஆவணமின்றிப் படகில் வந்தவரைச் சட்டம் அந்தப் பெயரால்தான் அழைக்கிறது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் (சிஏஏ) பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த 6 மதத்தவருக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கியது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக நாம் வீதிக்கு வந்தோம். ஈழத்து இந்துவும் கிறிஸ்தவரும் அதில் இல்லை என்பதை அப்போது நம்மில் எத்தனை பேர் பேசினோம்? நம் பிள்ளைகளோடு ஒரே பாடப்புத்தகம் படித்து, கல்லூரியும் முடித்த முகாம் பையன், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் இன்றும் பெயிண்ட் வாளியோடு பேருந்துக்கு நிற்கிறான்.